நூல் கிடங்கில் வானம் விழுந்த வாரம்

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் சேலை எடுக்க வருவார்கள், இல்லையென்றால் சாமி கும்பிட வருவார்கள். நான் பியானோ வாசிக்க வந்தேன். சென்னை விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரியிடம் இதைச் சொன்னபோது அவர் தலையைத் தூக்கி என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "அங்க ஏது மேடம் பியானோ?" என்றார். அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பினாங்கில் நான் பியானோ டீச்சர். தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது என் பிழைப்பு. அதே பாட்டுகளை ஆண்டு முழுவதும் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதமாகக் கொலை செய்வதைக் கேட்டுக் கேட்டே எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. சொந்தமாக எழுதியவை எல்லாம் மேசை இழுப்பறையோடு சரி. ஊரடங்குக் காலத்தில் இணையம் வழியாகப் பாடம் எடுத்தபோது மாணவியாகச் சேர்ந்தவள் சுகந்தி. ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுப்பவள். நான்காவது விரலை இன்றுவரை அவளுக்கு ஒழுங்காக வைக்கத் தெரியாது. ஆனால் பாடத்துக்கு நடுவில் அணுவுக்கும் சிறிய துகள்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் கடிகாரத்தைப் பார்க்க மாட்டேன்.

அவள்தான் கேட்டாள். கல்லூரியின் அறிவியல் விழாவுக்கு, துகள்களை வைத்துத் தனிப் பியானோவுக்கு ஓர் இசை எழுதித் தர முடியுமா என்று. சரி என்று சொன்ன பிறகு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. என் பெயர் போட்டு, ஆட்கள் முன்னால், முழுதாக ஓர் இசை. இதுவும் சொதப்பினால் இனி எழுத மாட்டேன், இழுப்பறையைக்கூடத் திறக்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

சுகந்தி ஸ்கூட்டரில் வந்து என்னைப் பேருந்து நிலையத்திலிருந்து அழைத்துப் போனாள். இத்தனை ஆண்டுகள் திரையில் பார்த்த முகம், முதன்முறையாக வியர்வையோடு. "டீச்சர், போன்ல பாக்கறப்ப நீங்க ரொம்ப ஸ்ட்ரிக்டா இருப்பீங்க. நேர்ல பாத்தா பயமே வரல!" என்றாள். என் பெட்டி அவள் காலடியில், என் கைப்பை என் பல்லில் என்று சொல்லாத குறையாக ஊருக்குள் நுழைந்தோம். ஒவ்வொரு தெருவிலும் தடக்கு தடக்கென்று தறிகளின் மரச்சத்தம் வந்துகொண்டே இருந்தது. பினாங்கில் எங்கள் தெருவில் இந்த அளவுக்குச் சத்தம் போட்டால் அண்டை வீட்டுக்காரர் நகராண்மைக் கழகத்துக்குப் புகார் எழுதிவிடுவார்.

பியானோ இருந்தது ஒரு நூல் கிடங்கில். ஜமால் பாய் பட்டு நூலும் ஜரிகையும் விற்பவர். அவருடைய தாத்தா காலத்தில், சீமைக்குத் திரும்பிய ஒரு துரை வீட்டுச் சாமான்களோடு வந்த பியானோவாம். நூல் கெடக் கூடாது என்று கிடங்கை எப்போதும் உலர்ந்தபடியே வைத்திருப்பதால், கடலோரக் காற்றில் என் பியானோ படும் பாட்டை இது படவில்லை. மூடியின் மேல் அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள் என்று நூல் கழிகள் குவிந்திருந்தன. "பொட்டி ரெடியா இருக்குதுமா. மெட்ராஸ்லேர்ந்து ஆள் வந்து ஒவ்வொரு பல்லா தட்டிப் பாத்துட்டுப் போனாரு" என்று அவர் கழிகளை அள்ளினார். ஒரு விரலை வைத்து அழுத்தினேன். பட்டின் வாசனையோடு ஒரு ஸ்வரம் வந்தது. இப்படி ஒரு பியானோவை நான் முகர்ந்ததில்லை.

உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவி உருதுவில் ஏதோ கேட்டார், இவர் பதில் சொன்னார். எனக்குப் புரியவில்லை. சுகந்தி காதருகில் மொழிபெயர்த்தாள்: "'இந்தம்மா தனியாவா வந்திருக்காங்க, வீட்டுக்காரர் இல்லையா?' 'இல்லையாம். பியானோதானாம்.'" அது சரியான தகவல்தான் என்பதால் நான் மறுக்கவில்லை.

என் தங்கல் கிடங்குக்கு மேலே ஓர் அறை. கல்லூரியில் பியானோ இல்லாததால், விழாவின் கடைசி நிகழ்ச்சிக்கு ஆட்கள் இந்தக் கிடங்குக்கே வருவார்கள் என்று ஏற்பாடு.

சுகந்தி தன் பையிலிருந்து கறுப்புத் தாள் சுற்றிய ஒரு பெட்டியை எடுத்துப் பியானோவுக்குப் பக்கத்துச் சுவர் அலமாரியில் வைத்தாள். அவளும் அவள் மாணவர்களும் செய்தது. வானத்தின் உச்சியில் எங்கிருந்தோ வரும் கதிர்கள் காற்றில் மோதிச் சிதறும்போது மியூவான் என்றொரு துகள் பிறக்கிறது. அது கீழே விழுந்துகொண்டே இருக்கிறது, கூரையைத் துளைத்து, நம்மைத் துளைத்து, தரைக்குள்ளும் போகிறது. பெட்டியைக் கடந்து போகும் ஒவ்வொரு துகளையும் அது கண்டுபிடிக்கும். அதை என் மடிக்கணினி ஒரு ஸ்வரமாக மாற்றிச் சேமித்து வைக்கும். அந்த ஸ்வரங்களிலிருந்துதான் நான் இசை எழுத வேண்டும்.

"கைய நீட்டுங்க டீச்சர்" என்றாள். நீட்டினேன். "இதோ, இப்ப பூந்து போச்சு. இதோ இன்னொண்ணு. நீங்க பொறந்ததுலேர்ந்து போய்க்கினே இருக்குது."

அவள் போன பிறகும் நான் கையை மடக்கவில்லை.

கிடங்கின் ஒரு பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் நெசவாளர் வீடு. சுவரில் ஒரு சின்ன ஜன்னல். ஜமால் பாய் அதன் வழியாகத்தான் நூல் கொடுப்பார், தேநீர் வாங்கிக்கொள்வார், ஊர் வம்பு பேசுவார். ஜன்னலுக்கு நேரே தறி. ஏகாம்பரம் தறியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மல்லிகா பக்கவாட்டில். சேலையின் கரையையும் உடலையும் தனித்தனி நூலில் கோத்து நெய்வதால் கரைக்கு என்று ஒரு நாடாவை, ஊடு நூல் வைத்த அந்த மரக்கட்டையை, அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் தள்ளிவிட வேண்டும். அது மல்லிகாவின் வேலை.

"நீங்கதான் பியானோ டீச்சராமா? சிங்கப்பூரா?" என்று மல்லிகா ஜன்னல் வழியே கேட்டார்.

"பினாங்கு."

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான?" என்றார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு, தறிச்சத்தம் காதை அடைத்ததால், கொஞ்சம் ஜன்னலைச் சாத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"சாத்தணுமாம்மா?" என்றார் மல்லிகா. முகம் கொஞ்சம் வாடினாற்போல இருந்தது. "சரி, உங்க வேல. சாத்திக்கோங்க."

சாத்திக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஜமால் பாய் வாழையிலையில் கோயில் இட்லி வாங்கி வந்தார். மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் சேர்த்து, மந்தாரை இலை போட்ட மூங்கில் குடலையில் வெந்தது. துண்டு போட்டு வெட்டித்தான் தருவார்கள். முதல் வாயில் கஷாயம் என்று நினைத்தேன், மூன்றாவது வாயில் இன்னொரு துண்டு கேட்டேன். பினாங்கில் காலையில் நாசி கண்டார் சோற்றுக் கடையில் வரிசையில் நின்று குழம்பைக் குழைத்து அடிப்பவள் நான். அந்த வயிற்றையே இது வழிக்குக் கொண்டுவந்துவிட்டது.

வெயில் ஏறும் முன் பெரிய கோயிலுக்குப் போனேன். பிரகாரத்துக் கல் குளிர்ந்திருந்தது. ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். கோபுரத்தின் எல்லாத் தளங்களையும், பொம்மைகளையும், புறாக்களையும் தாண்டி அந்தத் துகள்கள் இந்நேரம் விழுந்துகொண்டிருக்கும். எதிரே ஓர் அம்மா கண்ணை மூடி நின்றார். அவருடைய கூப்பிய கைகளுக்குள்ளும் விழுந்துகொண்டிருக்கும். எவ்வளவு நேரம் அங்கே இருந்தேன் என்று தெரியவில்லை. காவலாளி வந்து, "மேடம், நடை சாத்தப் போறாங்க. தூங்கினு இருக்கீங்களா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் முதன்முதலாகப் பெட்டி சேமித்ததைக் கேட்டேன். சுகந்தி பெட்டியை வைத்துவிட்டுப் போன அன்று இரவிலிருந்து விடியும்வரை விழுந்தவை. தகரக் கூரையில் மழை பிடிக்கும்போது முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுமே, அப்படி. ஒழுங்கே இல்லை. அழகாகத்தான் இருந்தது, ஆனால் கையில் பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு பகலில் விழுந்தவற்றைப் போட்டேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மழைக்கு நடுவே ஒரு நாடி. இரண்டு அடி, ஒரு மூச்சு, மறுபடி இரண்டு அடி. சில சமயம் அந்த மூச்சு கொஞ்சம் நீண்டது, ஒரு கால் நொண்டுகிறவர் நடப்பதைப் போல. மறுநாளும் கேட்டேன். இருந்தது. காலையில் மெதுவாக ஆரம்பித்தது, மத்தியானம் சற்று அடங்கியது, விளக்கு வைக்கிற நேரத்துக்கு நின்றுவிட்டது. இரவில் சுத்தமாக இல்லை. சூரியன்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். மத்தியானம் ஏன் அடங்குகிறது என்பதற்கும் ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். வானத்துக்கும் ஓய்வு வேண்டும் என்பதுபோல ஏதோ. புத்தி என்று ஒன்று அந்த வாரம் எனக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

இடது கைக்கு அந்த நாடியைக் கொடுத்தேன். வலது கைக்கு மழை. இழுப்பறையில் கிடக்கும் எதுவும் இப்படி வந்ததில்லை. எழுதுகிறேன் என்ற நினைப்பே இல்லாமல் எழுதினேன். மத்தியானத்தில் மேலே போய்ப் படுத்தால், பாதித் தூக்கத்தில் நூல் கழிகள் எல்லாம் கூரையிலிருந்து தொங்குவதாகவும் அவற்றின் வழியே ஒளி சொட்டுச் சொட்டாக இறங்குவதாகவும் தோன்றும். எழுந்து வந்து அதையும் எழுதுவேன். பிரியாணி கொண்டுவந்து வைத்த ஜமால் பாய், "ஆறிப் போச்சுனா கத்திரிக்காய் பச்சடி வேஸ்டுமா" என்று மூன்றுமுறை சொல்லிவிட்டுப் போனார்.

சுகந்திக்குப் போன் செய்து தலைப்பு சொன்னேன்: 'வானத்தின் நாடி'. விழா வேலையில் ஓடிக்கொண்டிருந்தவள், "சூப்பர் டீச்சர், அழைப்பிதழுக்கு அனுப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

அப்போதே நேரில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து, வானம் என் ஒருத்தியிடம் மட்டும் சொன்ன ரகசியத்தை ஓர் இயற்பியல்காரியிடம் காட்டும் ஆவலில், பெட்டியையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர். பெட்டி என் மடியில்.

"இன்னாமா அது, கறுப்பா கீது?" என்றார் பக்கத்துப் பெரியவர்.

"வானத்துலேர்ந்து விழுற துகளை எண்ணுற பெட்டி."

அவர் அதை உள்வாங்கிக்கொண்டு, ஓட்டுநர் பக்கம் திரும்பி, "பாத்து ஓட்டுப்பா, துகள் எதுனா கொட்டிடப் போவுது" என்றார்.

இடது கை முழங்காலில் தாளம் போட்டபடியே இருந்தது. இரண்டு அடி, ஒரு மூச்சு. கண்ணைத் திறந்தபோது வண்டி நின்றிருந்தது, எல்லாரும் இறங்கியிருந்தார்கள்.

"ஏனாத்தூரா?" என்றேன்.

"ஏனாத்தூரா! அது அப்பவே போயிடுச்சேமா. இது ஐயம்பேட்ட" என்றார் ஓட்டுநர். "நீங்க கண்ண மூடினு தல ஆட்டிக்கினு இருந்தீங்க. நான் ஏதோ ஜபம் பண்றீங்கனு கூப்டல."

ஐயம்பேட்டையில் ஒரு தேநீர் குடித்தேன். எங்கள் ஊர் தே தாரிக்கைப் போல ஆற்றித்தான் கொடுத்தார்கள், ஆனால் இஞ்சி தூக்கலாக இருந்தது. அடுத்த பேருந்தில் திரும்பி வந்து கல்லூரியில் இறங்கியபோது சுகந்தி வாசலிலேயே நின்றிருந்தாள்.

ஒலிப்பதிவைக் கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. எனக்கு அது வியப்பு என்று பட்டது. அது பயம்.

"டீச்சர், இது எப்படி வரும்? ஒரு துகளுக்கு இன்னொரு துகள் எப்ப வருதுன்னே தெரியாது. நாடி இருக்கவே முடியாது. இருந்தா உலகமே நம்ம வாசல்ல வந்து நிக்கும். இல்லன்னா பொட்டி கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். இதுல எதுக்கு சான்ஸ் ஜாஸ்தி, நீங்களே சொல்லுங்க."

ஆய்வகத்தில் பெட்டியை ஓடவிட்டாள். நெடுநேரம் கேட்டோம். வெறும் மழை. நாடி இல்லை.

"பாத்தியா, பெட்டி நல்லாத்தான இருக்கு!" என்றேன். "காஞ்சிபுரத்துக்குள்ள மட்டும்தான் கேட்குது." இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமே இல்லை. கோயில் ஊர் ஆயிற்றே என்றுகூட நினைத்தேன்.

சுகந்தி சிரிக்கவில்லை. "சென்னைலேர்ந்து ஃபிசிக்ஸ் ஆளுங்க வராங்க டீச்சர். இந்தத் தலைப்ப வெச்சு, வானத்துக்கு நாடி இருக்குதுன்னு நீங்க மேடைல சொன்னீங்கன்னா, என்ன அங்கியே ஒக்கார வெச்சு கிண்டல் பண்ணுவாங்க. இந்தப் பொட்டி எங்க பசங்க ரெண்டு வருஷ உழைப்பு." பெட்டியை மறுபடி என் கையில் கொடுத்தாள். "விழாவுக்கு முன்ன காரணத்தக் கண்டுபுடிச்சிடணும்."

திரும்பி வரும்போது எனக்கு அவள்மேல் கோபம். பெட்டியை அதே அலமாரியில் வைத்தேன். காரணம் வேண்டுமாம், காரணம்.

அடுத்த நாள் காலையில் கண் விழித்தபோது காதில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று நினைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. விரலை விட்டுக் குடைந்து பார்த்தேன். காக்கை கத்தியது கேட்டது. பாத்திரம் கழுவுவது கேட்டது. காது நன்றாகத்தான் இருந்தது. தெருவே நின்றுபோயிருந்தது.

"இன்னைக்கி அமாவாசைமா" என்றார் ஜமால் பாய், கிடங்கைத் திறக்காமல் வாசலில் நாளிதழ் படித்துக்கொண்டே. "தறிக்காரங்க யாரும் தறில ஒக்கார மாட்டாங்க. அவங்களுக்கு லீவுன்னா எனக்கும் லீவுதான்."

தெருவில் எல்லா வீட்டிலும் வாசல் கழுவியிருந்தார்கள். மல்லிகா தலைக்குக் குளித்து, பூ வைத்து, ஏகாம்பரத்தோடு கோயிலுக்குக் கிளம்பினார். நான் யாருமில்லாத கிடங்கில் உட்கார்ந்து வாசித்தேன். என்னவோ சரியாக வரவில்லை. இடது கை ஒரு தூரத்து ஊருக்குப் போய்விட்டதைப் போல இருந்தது.

விளக்கு வைத்த பிறகு அன்றைய பகலைக் கேட்டேன்.

மழை. மழை மட்டும். காலையில் மழை, மத்தியானத்தில் மழை, சாயங்காலம் மழை.

எழுந்து போய் அலமாரியில் கையை மடக்கி ஒரு குத்து விட்டேன். மடிக்கணினியில் ஒரு ஸ்வரம் குதித்தது. இரண்டு குத்து விட்டேன். இரண்டு ஸ்வரம். ஒரு மூச்சு விட்டு, மறுபடி இரண்டு குத்து. வானத்தின் நாடி.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். வானம் என்னோடு பேசியது என்று ஒரு வாரமாக மிதந்திருக்கிறேன். அலமாரிச் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் அடுத்தவர் கல்யாணத்துக்குச் சேலை நெய்துகொண்டிருந்திருக்கிறார்கள். மத்தியானம் வானத்துக்கு ஓய்வு வேண்டியிருந்ததல்லவா, அது அவர்கள் சாப்பிட எழுந்தது.

சுகந்தி காலையிலேயே ஸ்கூட்டரில் வந்து பெட்டியைப் பிரித்தாள். உள்ளே பற்றவைத்த இடத்தில் ஒரு கம்பி தளர்ந்திருந்தது. தறி அடிக்கும்போதெல்லாம் சுவர் அதிர, கம்பி தொட்டு விலக, துகள் வந்துவிட்டது என்று பெட்டி ஏமாந்திருக்கிறது. அவள் முதலில் சிரித்தாள், சிரித்துச் சிரித்து நூல் மூட்டைமேல் உட்கார்ந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"தலைப்பு அச்சடிச்சாச்சு டீச்சர்."

"தெரியும்."

"கம்பி விஷயத்த நானே மேடைல சொல்லிடறேன். அதுல ஒண்ணும் தப்பில்ல, சயின்ஸ்ல இதான் தெனைக்கும் நடக்குது. ஆனா உங்க பாட்டு?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. இடது கையில் அந்த அடியை வாசித்தால் துகள் என்ற பெயரில் பொய் வாசிக்கிறேன். வாசிக்காமல் விட்டால் கீழே நிற்கத் தரையே இல்லாத ஒரு மழை. அன்று முழுவதும் மாற்றி மாற்றி எழுதினேன், ஒரு பக்கமும் தேறவில்லை. இழுப்பறை என்னைக் கூப்பிடுவது எனக்கு நன்றாகவே கேட்டது. காய்ச்சல் என்று சொல்லி ஊருக்குப் புறப்பட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். ஜமால் பாய் மனைவி கொடுத்தனுப்பிய சேமியாகூட இறங்கவில்லை.

விடிந்தால் விழா என்ற நிலையில், வேறு வழியில்லாமல் வலது கையை மட்டும் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தேன். இடது கை மடியில் கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடியது. இரண்டு அடி, ஒரு மூச்சு. நான்கைந்து வரி போன பிறகுதான் கவனித்தேன். இசை காலூன்றி நின்றுகொண்டிருந்தது. தரை இருந்தது.

ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தேன். ஏகாம்பரமும் மல்லிகாவும் நிமிர்ந்து பார்த்தார்கள். நடந்ததை எல்லாம் கொட்டினேன். என் கணினியில் அந்தப் பழைய பதிவையும் போட்டுக் காட்டினேன்.

மல்லிகா தலையைச் சாய்த்துக் கேட்டார். "இது எங்க தறி இல்லமா. எங்களுது இப்பிடி நொண்டாது. பக்கத்துத் தெரு ஆளுங்களா இருக்கும்."

"நம்மளுதுதான்" என்றார் ஏகாம்பரம். "நொண்டறது நீ. நாடாவ எப்பவும் லேட்டாதான் தள்ற."

"நான் லேட்டா? நீ அவசரப்பட்டு அடிச்சிட்டு என்ன சொல்றியா?"

அவர்கள் அதைத் தீர்த்துக்கொள்ளும்வரை காத்திருந்தேன். பிறகு கேட்டேன். நாளை நான் வாசிக்கும்போது நீங்கள் தறி ஓட்ட வேண்டும். என் இடது கைக்குப் பதிலாக.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கச்சேரி நடக்கறப்ப தறி ஓட்டறதா?" என்றார் ஏகாம்பரம். "காலேஜ் ஆளுங்க வராங்க. மரியாத இல்லாம சத்தம் போடறாங்கன்னு நெனைக்க மாட்டாங்களா? நாங்க சீக்கிரமா முடிச்சிட்டு நல்ல துணி கட்டலாம்னு இருந்தோம்."

"மரியாதையே அதுதாங்க. நீங்க இல்லன்னா பாட்டே இல்ல."

நெடுநேரம் கெஞ்சினேன். கடைசியில், "சரிமா, நீங்க இவ்ளோ சொல்றப்ப" என்றார் ஏகாம்பரம். மல்லிகா நாடாவைக் கையில் உருட்டியபடி, "இந்த ஜன்னல் தொறந்தே இருக்குமாம்மா?" என்று கேட்டார்.

"கண்டிப்பா. முழுசா திறந்து வைக்கிறேன்" என்றேன். தறிச்சத்தம் நன்றாக வர வேண்டுமே.

விழா அன்று கிடங்கில் நூல் மூட்டைகளை ஒரு பக்கம் அடுக்கி ஜமால் பாய் நாற்காலி போட்டிருந்தார். மாணவர்கள், ஆசிரியர்கள், சென்னையிலிருந்து வந்தவர்கள், தெருக்காரர்கள். சுகந்தி எழுந்து, அழைப்பிதழில் உள்ள தலைப்பில் ஒரு சின்னப் பிழை என்று ஆரம்பித்துக் கம்பியின் கதையைச் சொன்னாள். கிடங்கே சிரித்தது. சென்னைக்காரர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். எல்லாருக்கும் இப்படி ஒரு கம்பி இருக்கும்போல. "அதனால இன்னைக்கி வாசிக்கறது மூணு பேரு" என்று முடித்தாள்.

இடது கையை மடியில் வைத்து வலது கையை ஏற்றினேன். ஜன்னலைப் பார்த்துத் தலையசைத்தேன். தறி ஆரம்பித்தது.

முதல் துளி. இரண்டாவது. ஒழுங்கில்லாமல், யாரையும் கேட்காமல் விழுந்த ஸ்வரங்களுக்குக் கீழே மரம் அடித்தது. இரண்டு அடி, ஒரு மூச்சு. முன்வரிசையில் ஒரு பெண் தன் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தாள், எதையோ வாங்கிக்கொள்கிறவளைப் போல. பட்டு வாசனை. வெளியே வெயில் சாய்ந்து, நூல் கழிகளில் ஒன்று நெருப்பு நிறத்துக்கு மாறியது. எனக்கு இனி பயமில்லை என்று நினைத்தேன்.

பாதியில் தறி நின்றது.

இழை அறுந்துவிட்டதா? முடிச்சுப் போட்டு மறுபடி ஆரம்பிப்பார்கள் என்று இரண்டு வரி காத்தேன். ஆரம்பிக்கவில்லை. மடியிலிருந்த இடது கை தானாக மேலே வந்தது, அந்த அடியை வாசிக்க. கட்டையின் மேல் வைத்தும்விட்டேன். அழுத்தவில்லை. எந்தக் காரணத்தாலோ அழுத்தத் தோன்றவில்லை. கையை மறுபடி மடிக்குக் கொண்டுபோனேன்.

வலது கை மட்டும். தாளம் இல்லை, தரை இல்லை. அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத ஸ்வரங்கள். ஒன்று விழுந்தது. நெடுநேரம் கழித்து ஒன்று. உடனே மூன்று. அவை என்னைத் தாண்டி, பியானோவைத் தாண்டி, தரைக்குள் போய்க்கொண்டே இருந்தன. விழுந்துவிடுவேன் என்று பயந்துகொண்டிருந்தவள், விழுவதற்குக் கீழே ஒன்றும் தேவையில்லை என்று அப்போதுதான் கண்டேன். கடைசி ஸ்வரம் எப்போது அடங்கியது என்று எனக்கே தெரியவில்லை.

கைதட்டினார்கள், வந்து பேசினார்கள். சுகந்தி கட்டிக்கொண்டு அழுதாள். எல்லாரும் வாசலில் பஜ்ஜிக்குப் போன பிறகு ஜன்னலுக்குப் போனேன். ஏகாம்பரமும் மல்லிகாவும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார்கள். ஏகாம்பரம் புதுச் சட்டை போட்டிருந்தார். மல்லிகா தலையில் பூ. கையில் இன்னும் அந்த நாடா.

"என்ன ஆச்சு, இழை அறுந்துபோச்சா?"

ஏகாம்பரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மல்லிகாதான் சொன்னார்.

"அறுந்துலாம் போவல. தறி ஓட்டிக்கினே இருந்தா நாங்க எப்பமா கேக்கறது?"

முதல் நாளே இந்த ஜன்னலைச் சாத்தும்போது அவர் முகம் வாடியதும், திறந்தே இருக்குமா என்று கேட்டதும் இப்போதுதான் எனக்கு எட்டியது.

"பின்னாடி பாதிதான் கேட்டோம்" என்றார் மல்லிகா, கம்பி வழியே கிடங்கை எட்டிப் பார்த்தபடி. "முன்னாடி பாதில எங்க சத்தமே எங்களுக்குக் கேட்டுக்கினு இருந்துது."

ஜமால் பாய் அணைத்த விளக்கை மறுபடி போட்டார். நான் பியானோவுக்குத் திரும்பிப் போய், முதலிலிருந்து வாசித்தேன்.